வேலுமணி மீசை எடுத்த நாள்

வேலுமணிக்கு எதைப் பார்த்தாலும் ஆச்சரியம். இது எனக்கு ரொம்ப நாள் எரிச்சலாகத்தான் இருந்தது.

சன்னிவேலில் ஒரே அபார்ட்மென்டில் எதிரெதிர் வீடு, ஒரே கம்பெனி, ஒரே கார். தினமும் காலை ஃப்ரீவேயில் ஊர்ந்து போகும்போது பக்கத்து சீட்டில் இருந்து ஆரம்பிப்பான். "ஏனுங்க ஜம்பு, இத்தனை கார் நிக்குது, ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கலீங்களே! எப்படிங்க?" ஐந்து வருஷம் அதே ரோடு, அதே கேள்வி. காபி கூட இறங்காத நேரத்தில் ஒரு மனுஷன் இதற்கெல்லாம் எப்படிப் பதில் சொல்வது?

கடலையே அவன் இருபத்தோரு வயதில்தான் பார்த்தானாம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, கிணற்றில் நீச்சல் பழகி, இன்டர்வியூவுக்காகச் சென்னை வந்தவன், மெரினாவில் நான்கு மணி நேரம் நின்றபடியே பார்த்துவிட்டு ஊருக்குப் போகும் பஸ்ஸைக் கோட்டை விட்டான். நான் மயிலாப்பூர்க்காரன். கடல் எனக்கு சுண்டல் தின்கிற இடம். அதனால் இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அவனோடு இருந்தவன் நான்தான்.

விஷயம் தொடங்கியது அவன் மகள் கயலிடமிருந்து. எட்டு வயது. 1999 மே மாதம் பள்ளியில் மான்டெரே அக்வேரியத்துக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் இவளையே பார்த்துக்கொண்டு நின்றதாம். கரிபால்டி என்று பெயர். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாள்: "அப்பா, does it know there's an ocean outside?"

வேறு யாராக இருந்தாலும், ஹோம்வொர்க் முடித்தாயா என்று கேட்டிருப்பார்கள். வேலுமணி இரண்டு நாள் யோசித்துவிட்டு, "கண்ணாடி இல்லாத எடத்துல போய்ப் பாக்கலாம் கண்ணு" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். தெற்கே கேட்டலினா தீவில், முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு ஸ்நார்க்கல் பண்ணினால் அந்த மீன் பக்கத்திலேயே வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கயல் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் தண்ணீரில் இறங்கித் தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். படகில் உட்கார்ந்துகொண்டு கை காட்டுகிற வேலை கூடாது. அப்பா வராவிட்டால் அவளும் இறங்க மாட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் திட்டம் போட்டான். எக்ஸெலில் போட்டான். தண்ணீரின் சூடு, அலை ஏறும் நேரம், இறங்கும் நேரம், படகு புறப்படும் நேரம், வழியில் எங்கே புளிசாதம், எங்கே தயிர்சாதம் எல்லாம் அதில் இருந்தது. ஒரு வரிசைக்கு மட்டும் 'யாருக்கு என்ன பயம்' என்று தலைப்பு. கயல்: மீன் கடிக்கும். அவன் மனைவி பவளம்: குளிர், ஜுரம், சாப்பாடு. எனக்கு எதிரே 'எல்லாம்' என்று எழுதியிருந்தான். நான் அடித்துத் திருத்தச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டான். தன் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

ஜூலையில் கண்ணாடி முகமூடிகளும் குழாய்களும் வாங்கி வந்து அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் ஒத்திகை பார்த்தோம். கயல் இரண்டே நாளில் பழகிவிட்டாள். லைஃப் ஜாக்கெட் புண்ணியத்தில் நான்கூடச் சமாளித்தேன். வேலுமணிதான் தோற்றான். எங்கள் மூவரில் உண்மையான நீச்சல்காரன் அவன்தான், ஆனால் தலையைத் தண்ணீரில் வைத்ததும் முகமூடிக்குள் தண்ணீர் நிறைந்துவிடும். இருமிக்கொண்டே எழுந்து நிற்பான். மூன்று முகமூடி மாற்றினான். கடைசியில் கடைக்காரன் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "It's the mustache, buddy" என்றான்.

அந்த மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன மீசை இல்லை. பதினேழு வயதில் முளைத்ததிலிருந்து கத்தி படாதது. மூக்குக்குக் கீழே அது அடர்ந்து கிடக்கும்போது முகமூடியின் ரப்பர் தோலில் ஒட்டாது, முடியின் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். எடுத்துவிட்டால் தீர்ந்தது. நான் இருபது வருஷமாக தினமும் எடுக்கிறேன். அதைத்தான் சொன்னேன்.

"நீங்க சும்மா இருங்க ஜம்பு அண்ணா" என்று பவளம் சீறினாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "எங்க பக்கம் அப்பன் செத்தாத்தான் மீசைய எடுப்பாங்க. அங்க மாமா உசுரோட இருக்காரு. மார்ச்சுல மார்வலி வந்து பொழச்சு எந்திரிச்சிருக்காரு. இவரு மீனு பாக்க மீசைய எடுத்துட்டு வந்து நிப்பாரா?"

அன்று மாலை பார்க்கிங் லாட்டில் வேலுமணி என்னிடம் தனியாகச் சொன்னான். அவன் ஒரே பிள்ளை. அப்பா சென்னியப்பனுக்கு எழுபத்தாறு வயது. மார்ச்சில் மார்வலி என்று ஃபோன் வந்தபோது இவனால் போக முடியவில்லை. க்ரீன் கார்டு விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. அனுமதிக் கடிதம் வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் அத்தனையும் போச்சு என்று வக்கீல் சொல்லிவிட்டார். கடிதம் இன்னும் வரவில்லை. "நாளைக்கே எங்கய்யனுக்கு ஒண்ணுன்னா நான் போக முடியாதுங்க ஜம்பு. கொள்ளி வெக்க நான் இருக்க மாட்டன். இங்க பாத்ரூம்ல நின்னு மீசைய எடுக்கறது ஒண்ணுதான் நான் அவருக்குச் செய்ய முடியும். அதையும் இப்பவே எடுத்துட்டா எப்படிங்க?"

அவ்வளவு எளிதாக எடுக்கச் சொன்னதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

வாஸலீன் தடவினால் தண்ணீர் புகாது என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தான். குளத்தில் பத்து நிமிஷம் தாக்குப் பிடித்தது. பாதி வாஸலீன் கண்ணாடியில் அப்பிக்கொண்டு உலகமே மங்கலாகத் தெரிந்தது என்றாலும், அது போதும் என்று முடிவு செய்தான். எக்ஸெலில் வாஸலீன் டப்பா இரண்டு என்று ஏறியது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி, மோட்டலில் தங்கி, காலைப் படகில் ஒரு மணி நேரம் கடலைக் கடந்து தீவில் இறங்கினோம். படகிலேயே அவன் ஆரம்பித்துவிட்டான். "ஏனுங்க ஜம்பு, கரையே தெரியலீங்களே! சுத்தியும் தண்ணிதானுங்களா?" அன்றைக்கு எனக்கு எரிச்சல் வரவில்லை.

வாடகைக்கு எடுத்த ரப்பர் உடையில் பிதுங்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினோம். தண்ணீர் எலும்பில் போய்க் குத்தியது. மீசை முழுக்க வாஸலீன் பூசி, கயலின் கையைப் பிடித்துக்கொண்டு வேலுமணி தலையைக் குனிந்தான். மூன்று வினாடி. இருமிக்கொண்டு எழுந்தான். திரும்பக் குனிந்தான், திரும்ப எழுந்தான். குளத்துத் தண்ணீர் சும்மா நின்றது, கடல் அப்படி நிற்கவில்லை. ஒவ்வொரு அலையும் முகமூடியைக் கொஞ்சம் அசைத்து உள்ளே புகுந்தது. அரை மணி நேரம் போராடினான். உப்புத் தண்ணீர் குடித்துக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

"கயல், நீ ஜம்பு அங்கிள் கைய புடிச்சுக்க. போய்ட்டு வா கண்ணு."

கயல் முகமூடியைக் கழற்றினாள். அழவில்லை. "It's okay, Appa. I saw it in the tank" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய் அம்மாவிடம் துண்டை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். அடம் பிடித்து அழுதிருந்தால் அவன் சமாளித்திருப்பான். அந்தப் பெருந்தன்மையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஈரத்தோடு கடைத்தெருப் பக்கம் நடந்து போனான். பாத்ரூமுக்குப் போகிறான் என்று நினைத்தோம். கால் மணி கழித்து ஒரு ஆள் வந்து எங்கள் முன்னால் நின்றான். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே வெளிறிய ஒரு பட்டை. உதட்டோரம் ஒரு ரத்தக் கீறல். அவன் வாய் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பவளத்தின் கையிலிருந்து புளிசாத டப்பா நழுவியது. "ஏனுங்க, என்ன வேலை பண்ணிட்டு வந்து நிக்கறீங்க!" என்றவள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"வா கண்ணு" என்றான் வேலுமணி.

தண்ணீருக்குள் நான் பார்த்ததை என்னால் முடிந்த வரை சொல்கிறேன். முதலில் சத்தம் நின்றது. என் மூச்சு மட்டும் குழாயில் ஏறி இறங்கியது. கீழே ஒரு காடு. பழுப்பும் பச்சையுமாகப் பனைமர உயரத்துக்குக் கடற்பாசி எழுந்து நின்று, மொத்தமும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. வெயில் நீள நீளக் கம்பியாக உள்ளே இறங்கியது. அதன் நடுவே சின்ன வெள்ளி மீன்கள் ஆயிரக்கணக்கில், யாருக்கும் ஒரு அவசரமும் இல்லாமல். நாங்கள் அந்தக் காட்டின் மேலே பறந்துகொண்டிருந்தோம். இத்தனை நாளும் இது இங்கேதான் இருந்திருக்கிறது. நான் சுண்டல் தின்ற கடலுக்கு அடியிலும் ஏதோ இருந்திருக்கும். நான் ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, குளிரினால் இல்லை.

பிறகு அது வந்தது. பாறை இடுக்கிலிருந்து, யாரோ விளக்கைப் போட்டதுபோல அப்படி ஒரு ஆரஞ்சு. நேராக வேலுமணியின் முகத்துக்கு எதிரே ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. அவன் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு கையில் மகளின் கை. அவனும் மீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கயல் குழாய்க்குள்ளேயே "அப்பா! அப்பா!" என்று கத்தியது எனக்கு விநோதமாகக் கேட்டது.

கரையேறியதும் சிரித்தான். சிரித்தபடியே பழக்கத்தில் மீசையைத் தடவக் கை மேலே போனது. அங்கே ஒன்றும் இல்லை. அந்த இடத்திலேயே அவன் முகம் செத்துவிட்டது.

"ஜம்பு, ஊருக்குப் பேசக் காலிங் கார்டு வெச்சிருக்கீங்களா?"

"மணி ரெண்டுப்பா. அங்க ராத்திரி ரெண்டரை."

கேட்கவில்லை. துறைமுகத்துப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினான். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். எண்களை இரண்டு முறை தப்பாக அழுத்திவிட்டான். மூன்றாவது முறை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பவளம் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

அமெரிக்கா தூரம் என்பதால் கத்திப் பேச வேண்டும் என்பது சென்னியப்பனின் எண்ணம். அதனால் அவர் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஆருங்க? மணியா? இந்நேரத்துல என்ன சாமி? கொழந்தைக்கு என்ன ஆச்சு?" கிழவரின் குரல் பதறியது. இங்கே யாரோ போய்விட்டார்கள் என்று அவர் நினைத்துவிட்டார்.

"ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்கய்யா. நீங்க... நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன? தூங்கிட்டிருந்தன்."

அவ்வளவுதான். வேலுமணி கேவிக் கேவி அழ ஆரம்பித்தான். ரப்பர் உடையிலிருந்து தண்ணீர் சொட்ட, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, சின்னப் பையனைப் போல அழுதான். "ஐயா, நான் மீசைய எடுத்துப்போட்டனுங்க."

லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது.

"எதுக்கு?"

"மீனு பாக்கறதுக்குங்க."

பவளம் என் கையைப் பிடித்து நெரித்தாள்.

"என்ன மீனு?" என்றார் சென்னியப்பன்.

வேலுமணி சொன்னான். அழுதுகொண்டே ஆரம்பித்து, பாதியில் அழுகையை மறந்துவிட்டான். கண்ணாடி, குழாய், கடலுக்குள் காடு, வெயில் இறங்கியது. "என்ன நெறம்?" என்று அவர் கேட்டார். "கனகாம்பர நெறமுங்கய்யா." "பயப்படலியா அது?" "இல்லீங்க, என்னையவே பாத்துட்டு நின்னுச்சுங்க." "எப்படிடா அது!" என்றார் கிழவர். அந்தக் கேள்வியை எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வருஷமாகக் காரில் கேட்டது அதுதான். எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

கார்டில் ஒரு நிமிஷம்தான் பாக்கி என்று இயந்திரக் குரல் குறுக்கே சொன்னது. அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவசரமாக, இன்னும் உரக்கப் பேசினார்.

"மணி, கேட்டுக்க. எனக்கு எடுக்கோணும்னு வெச்சிருந்த மீசைய எடுத்துட்டே. ஆச்சு. நான் போறப்ப உன்னால வர முடியாதுன்னு எனக்குத் தெரியும் சாமி. பங்காளிப் பசங்க இருக்கறாங்க, பாத்துக்குவாங்க. வர முடியலியேன்னு அங்க உக்காந்து நீ அழுவக் கூடாது. நீ செய்ய வேண்டியத செஞ்சுட்டே, நானும் உசுரோட இருந்து கேட்டுட்டன். தெரியுதா? போ. அந்தப் புள்ளைய கூட்டிட்டு இன்னொருக்காப் போய்..."

கார்டு தீர்ந்தது.

வேலுமணி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றான். பவளம் அருகே போனாள். மீசை எடுத்த பிறகு அப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். துப்பட்டா நுனியால் உதட்டோரத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டு, "மாமா சொன்னது காதுல உளுகுலீங்களா? அவ குளிர்ல நிக்கறா, கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் படியிறங்கினான். இந்த முறை அவன் கை உதட்டுப் பக்கம் போகவில்லை.