வெள்ளைக் கல்லுக்குள் எண்பது சதவீதம்

திண்டிவனம் பக்கத்துக் குன்று ஒன்றில் காட்டை மீட்கும் வேலையின் தரத்தைச் சோதிக்கும் விதியை எழுதியவன் நான்தான். பழியை வேறு யார்மீதும் போடப் போவதில்லை.

விதி எளிது. வீரை, காசா, உலக்கைப்பாலை என்று அந்த மண்ணின் மரங்களையே நட வேண்டும். அவ்வப்போதும், கடைசியாக இரண்டாவது கோடை முடிந்ததும், குன்றில் அங்கங்கே குறித்த மாதிரிக் கட்டங்களில் கன்றுகளை எண்ண வேண்டும். நூற்றுக்கு எண்பது உயிரோடு இருந்தால் பாஸ். குறைந்தால் காண்டிராக்டர் மறுபடி நட்டு, இன்னும் இரண்டு வருடம் காக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கட்டத்தில் எண்ணினால்தான் வளர்ச்சி தெரியும் என்று, ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலையிலும் சுண்ணாம்பு அடித்த கல் வைத்தேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

கடைசி எண்ணிக்கையில் எல்லாக் கட்டமும் எண்பதைத் தாண்டியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெயில் தாங்காமல், பாதையை விட்டுக் குறுக்கே இறங்கினேன். கல்லைத் தாண்டிப் பத்தடியில் கன்றுகள் குச்சியாக நின்றன. ஒன்றைப் பிடித்தேன். ஒடிந்து கையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. அடிவாரம்வரை ஒன்றுகூட உயிரோடு இல்லை.

கீழே பிலோமினா குடம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. கத்தினேன்.

"ஏம்மா, கல்லுக்கு வெளிய ஒரு சொட்டுகூட ஊத்தலியா?"

"கத்தாதீங்க சார். லாரி ஒரு நடைதான் வருது. குடத்தத் தூக்கிக்கினு மேல ஏறுறது நாங்க. நீங்க எங்க குந்திக்கினு எண்றீங்களோ அங்க ஊத்தச் சொன்னாரு மேஸ்திரி. ஊத்துனோம்."

"மத்ததெல்லாம் செத்துப் போச்சே!"

"செத்தத நீங்களே எண்ணல. எங்களுக்கு மட்டும் என்னா தலையெழுத்து?"

பின்னாலிருந்து இன்னொரு பெண், "அடுத்த வாட்டி மல முழுக்கச் சுண்ணாம்பு அடிச்சிடுங்க சார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைக்கே விழுப்புரம் போய், குன்று முழுவதும் எண்ண வேண்டும் என்று என் மேலதிகாரியிடம் சொன்னேன்.

"யோவ், விதி யாரு எழுதுனது?"

"நான்தான் சார்."

"அதுல பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்தான் சார். ஆனா..."

"ஆனான்னு விதியில எங்கியும் இல்லியே. கையெழுத்தப் போட்டுட்டு ஜல்தி கெளம்பு."

போட்டேன். மறுத்திருக்கலாம். மாற்றல் வருமோ என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

பிறகு நான் எழுதிய விதிகளில் கல் கிடையாது. எங்கே எண்ணுவது என்பதை, எண்ணப் போகிற அன்று காலையில்தான் சீட்டுக் குலுக்கி எடுப்போம். அதுவரை நட்டவருக்கும் தெரியாது, எண்ணுபவருக்கும் தெரியாது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: எதை எண்ணுவீர்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், அது மட்டும்தான் பிழைக்கும்.

அந்தக் குன்றில் மறுபடி நட அனுமதி கேட்டு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: காடு மீட்கப்பட்டுவிட்ட இடத்தில் மறுநடவு தேவையில்லை. சான்றாக இணைத்திருந்தது, நான் கையெழுத்துப் போட்ட தாள்.