வெள்ளிக்கிழமை வரை இரட்டைச் சடை

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் வீட்டில் ஒரு சீப்பு ஒடிந்தது.

கொம்பினால் செய்த நல்ல சீப்பு. ஒரு பாதி என் கையில் இருந்தது. மறு பாதி என் மகள் பூங்கோதையின் தலையில் இருந்தது. அந்தப் பாதியோடு அவள் வீட்டைவிட்டே ஓடிவிட்டாள்.

ஆறு வயதுக் குழந்தையின் கூந்தல் ஒரு கொம்புச் சீப்பை ஒடிக்குமா? ஒடிக்கும். அடர்ந்த கூந்தல் ஒடிக்காது. மெல்லிய கூந்தல்தான் ஒடிக்கும். அவளுடைய முடி நூலாம்படையைப் போன்றது. இரவு தலையணையில் படுத்தெழுந்தால் பின்னந்தலையில் ஒரு குருவிக்கூடு. காலையில் நாம் அதைக் கலைத்தால், தண்டையார்பேட்டைக் கடற்காற்று மாலைக்குள் மீண்டும் கட்டிவிடும். துறைமுகத்திலிருந்து பறந்துவரும் நிலக்கரித் தூள் அந்தக் கூட்டுக்குச் சாந்து பூசும்.

முடிக்கு அடியில் உள்ள தோலோ அதனினும் மெல்லியது. சீயக்காய் பட்டால் சிவக்கும். சீப்பின் பல் பட்டால் தடிக்கும். வெயில் பட்டால் அரிக்கும்.

பூங்கோதை என்று பெயரிட்டவன் நான். பெயரிட்ட அன்று, அதன் பொருள்நயத்தை உறவினர் அனைவருக்கும் விரிவாக எடுத்துரைத்தேன். தலைவாரும் பொறுப்பை மட்டும் அவள் தாயிடம் விட்டுவிட்டேன். ஆறாண்டுகள் அப்படியே நடந்தது.

பிறகு ஒரு பிழை செய்தேன். இதழில் நான் எழுதும் இதே பத்தியில், வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தபோது, மகளின் கூந்தல் சிக்கு விழுவதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டேன்…

அவ்வளவுதான். உங்கள் கடிதங்கள் வந்தன.

மொழியைப் பற்றி எழுதினேன். ஒரு கடிதமும் வரவில்லை. நாட்டு நடப்பைப் பற்றி எழுதினேன், இரண்டு வந்தன. குழந்தையின் சிக்குமுடிக்கோ தபால்காரர் கட்டாகக் கொணர்ந்து போட்டார். வெந்தயம் அரைத்துப் பூசுக என்றார் ஒருவர். வெந்தயம் ஆகவே ஆகாது, செம்பருத்தி இலையே சிறந்தது என்றார் மற்றொருவர். ஆமணக்கெண்ணெய் என்றார் ஒரு பெரியவர். முட்டையின் வெண்கரு என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார். சைவக் குடும்பமாகிய எங்கள் வீட்டுக்குள் அக்கடிதத்தையே என் மனைவி அனுமதிக்கவில்லை. எந்த மருந்தையும் முதலில் உங்கள் தலையில் முயன்று பாருங்கள் என்று அறிவுரை கூறியவரும் உண்டு. அவருக்குப் பணிவுடன் ஒரு விளக்கம் – என் தலையில் முயல்வதற்கு இடம் நிறைய உண்டு, முடிதான் இல்லை.

வாசகரை மதிப்பவன் நான். எனவே தலைவாரும் பொறுப்பை நானே விரும்பி ஏற்றேன். ஒரு கடிதத்துக்கு ஒரு வாரம் என்று முறைவைத்துக் கொண்டேன். வெந்தயம் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. செம்பருத்தி வழவழத்தது, வழவழப்போடு சிக்கும் இருந்தது. ஆமணக்கெண்ணெயில் துறைமுகத்து நிலக்கரி முழுவதும் வந்து குடியேறியது. சீயக்காயின் எரிச்சலுக்கு அஞ்சிச் சவர்க்காரத்துக்கு மாறினோம். அதன்பின் முடி பிசுபிசுத்து, மெழுகு தடவிய நூலைப்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நாள்தோறும் காலையில் குழந்தை அழுதாள். அந்த அழுகையின் முடிவில்தான் சீப்பு ஒடிந்தது.

“போதும்” என்றாள் என் மனைவி. “தலையெல்லாம் புண்ணா இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை நாவிதர் வருவார். மொட்டை அடிச்சுடலாம். தோலாவது ஆறட்டும்.”

“மொட்டையா?” என்றேன்.

“உங்க வாசகர்களைக் கேட்டு முடிவு பண்ணணுமா?”

நான் விடை கூறுமுன் வாயிலில் செருமல் கேட்டது. காதர் நின்றுகொண்டிருந்தார். அவர் லுங்கியின் பின்னால் பூங்கோதை நின்றுகொண்டிருந்தாள்.

காதர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். முப்பது வயதிருக்கும். திருவொற்றியூரில் ஓர் ஆலையில் கொதிகலனைக் காக்கும் வேலை. நான் அதனைக் கொதிகலன் என்கிறேன். அவர் பாய்லர் என்கிறார். அது இரண்டு பெயருக்கும் ஒன்றுபோலவே கொதிக்கிறது.

“இன்னா வாத்தியாரே இது? பாப்பா தலையில பாதி சீப்பு கீது. மீதி எங்கன்னு தேடிகினு வர்றேன்” என்றவர், என் கையைப் பார்த்தார். “சரி சரி. ஆளு கெடச்சிட்டாரு.”

குழந்தை என்னைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்துப் பேசினாள்.

“அம்மா, நாளைக்கு மொட்டை வேணாம்மா. வெள்ளிக்கிழமை கோலாட்டம். மொட்டைத் தலையில ரிப்பன் எங்க கட்டறது?”

பள்ளி ஆண்டு விழாவில் அவளுக்குக் கோலாட்டம். பன்னிரண்டு சிறுமியர், அனைவருக்கும் இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். சடை இல்லாதவள் வரிசையில் நிற்க இயலாது என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோல்கள் பள்ளியிலேயே இருப்பதால், ஒரு மாதமாக இரண்டு மரக்கரண்டிகளைத் தட்டிக்கொண்டு கூடத்தில் சுற்றிச்சுற்றி வருகிறாள். எங்கள் வீட்டில் குழம்பு கிளற வேண்டுமானால் ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

காதர் கீழே அமர்ந்தார். குழந்தையை முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் விட்டு, இழை இழையாகப் பிரித்து, பாதிச் சீப்பை விடுவித்தார். பிறகு ஒரு முடிக்கற்றையை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“இன்னா போட்டுக் குளிப்பாட்றீங்கோ?”

“சோப்புதான் தம்பி. சீயக்கா எரியுதுங்கறா” என்றாள் என் மனைவி.

“தண்ணி?”

“கெணத்துத் தண்ணி. வேற ஏது?”

“அத்த சொல்லுங்கோ.”

எழுந்து போனவர் இரண்டு சிறிய மருந்துப் புட்டிகளோடு திரும்பினார். ஒன்றில் எங்கள் கிணற்று நீர். மற்றொன்றில் குடிப்பதற்காகத் தெருக்குழாயில் பிடித்துவைத்த நீர். இரண்டிலும் கரைத்த சவர்க்காரத்தில் சில துளிகள் விட்டு, மூடி, குழந்தையின் கைகளில் கொடுத்தார்.

“ரெண்டையும் நல்லா குலுக்கு பாப்பா. கோலாட்டம் மாதிரி.”

அவள் குலுக்கினாள். குழாய் நீர்ப் புட்டியில் நுரை கழுத்துவரை எழுந்து நின்றது. கிணற்று நீர்ப் புட்டியில் நுரையே இல்லை. திரிந்த பால்போல் வெள்ளைத் திப்பி மிதந்தது.

“இத்த நாங்கோ தெனிக்கும் பாக்கறோம் வாத்தியாரே. பாய்லருக்குள்ள போற தண்ணி நல்லதா கெட்டதான்னு சோப்பு சொல்டும். உங்கூட்டுக் கெணறு சுத்த உப்பு. இந்தத் திப்பி கீது பாரு, இதான் பாப்பா தலையில ஒட்டிகினு கீது. பாய்லர் கொயாவுல உப்பு ஏறிச்சின்னா நாங்கோ சுத்தியல வெச்சித் தட்டி எடுப்போம். கொயந்த தலைய அப்டிப் பண்ண முடியுமா?”

“இவர் சீப்பை வெச்சு அதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தார்” என்றாள் என் மனைவி.

நான் படித்தவன். கூந்தலைப் பாடிய செய்யுள்களில் ஒரு நூறாவது எனக்கு மனப்பாடம். கூந்தலைக் கழுவிய நீரைப் பற்றி அவற்றுள் எதுவும் எனக்குச் சொல்லவில்லை. என்ன செய்வது?

காதர் வழக்கை முடித்துவைத்தார். “அக்கா, வெள்ளிக்கெயமை வரைக்கும் டயம் குடு. நல்ல தண்ணி, பயத்தமாவு. சோப்பு வாணாம். அப்பாலயும் பேஜாரா இருந்தா மொட்டை போடு.”

என் மனைவி குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். “சரி. வெள்ளிக்கிழமை வரைக்கும். ஆனா ஒரு நாள் இவ அழுதாலும், அன்னிக்கே நாவிதரைக் கூப்பிட்டுடுவேன். அந்தப் புண்ணை என்னால பாக்க முடியலை.”

இதைவிட நேர்மையான ஒப்பந்தம் வேறு உண்டா? நான் உடனே ஒப்புக்கொண்டேன். குழந்தையும் தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஒரு குடத்தோடு தெருக்குழாயில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் அனைவரும் பெண்கள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காசிமேட்டுக்குப் புறப்பட ஆயத்தமாக நின்ற மீன்காரப் பெண் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா வாத்தியாரே, வூட்ல அக்காவுக்கு ஒடம்புக்கு ஆவலியா?”

நலமாகத்தான் இருக்கிறாள், நீர் குழந்தையின் தலைமுழுக்குக்கு என்றேன்.

“கேட்டியாடி இத்த? நாம குடிக்கத் தண்ணி இல்லாம சாவறோம். வாத்தியார் வூட்டுப் பொண்ணுக்குத் தலைக்கு ஊத்த நல்ல தண்ணி கேக்குது.”

வரிசை முழுவதும் சிரித்தது. அவள் சொன்னதில் பிழை என்ன? நான் குடத்தோடு திரும்ப எத்தனித்தேன்.

“எங்க போற? கொயந்த தலைக்குன்னு சொல்ட்ட இல்ல? வந்து மின்னாடி புடி. எனக்குக் கடலே கீது, குளிக்க.”

அந்தக் குடத்து நீரில், பயத்தமாவு கரைத்து, தலையை முழுக்காட்டினேன். பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்தேன். கை விரல்களால் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பிரித்தேன். அகன்ற பல் சீப்பு ஒன்று புதிதாக வாங்கினேன்.

வியப்பிலும் வியப்பு – குழந்தை அழவில்லை.

திங்கட்கிழமை அழவில்லை. செவ்வாய் அழவில்லை. தலைவாரும் நேரத்தில் இரண்டு மரக்கரண்டிகளையும் கேட்டு வாங்கிக்கொள்வாள். இரு கைகளிலும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் அமர்ந்திருப்பாள். ஆட்டத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். கலையார்வம் மிக்க குழந்தை அல்லவா?

சிக்கும் குறைந்தது; அதை மறுப்பதற்கில்லை. பிசுபிசுப்புப் போயிற்று. புதன்கிழமை நான் முழு வெற்றி அடைந்துவிட்டதாக முடிவு செய்து, இந்தப் பத்தியை எழுதத் தொடங்கிவிட்டேன். ‘வலியின்றித் தலைவாரும் முறை’ என்று தலைப்பும் இட்டுவிட்டேன். உங்களுக்கெல்லாம் ஒரே விடையாக இருக்கும்; கடிதங்களும் நிற்கும் என்பது என் எண்ணம்.

வெள்ளிக்கிழமை மாலை. இரண்டு சடைகள். இரண்டு சிவப்பு ரிப்பன்கள். பன்னிருவருள் அவள் நான்காவதாக நின்றாள். இரண்டாம் பாட்டில் எதிரில் வந்தவளின் கோலைத் தவறவிட்டாள். மூன்றாம் சுற்றில் சரிசெய்துகொண்டாள். சடைகள் அவளோடு சுழன்றன. முழு நிறைவோடு கைதட்டினேன் – யாருக்காக என்பதை இப்போது எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

வீட்டுக்கு நடந்து திரும்பும்போது, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் கேட்டாள்.

“அம்மா, நாவிதர் ஞாயித்துக்கிழமை வருவாரா?”

“எதுக்கு?”

“மொட்டை அடிச்சுக்கறதுக்கு.”

நான் நின்றுவிட்டேன். “ஏம்மா? இப்பத்தான் சிக்கே விழறதில்லையே. வாரும்போது வலிக்கறதும் இல்லையே?”

“வலிச்சுதே.”

“எப்போ?”

“எல்லா நாளும்.”

“அப்போ ஏன் அழல?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு எளிய கணக்கு இவருக்கு விளங்கவில்லையே என்ற பார்வை.

“அழுதா மொட்டை அடிச்சிருப்பீங்களே. அப்புறம் கோலாட்டம் எப்படி ஆடறது?”

ஆறு வயதில் இவ்வளவு உரம். ஆறு நாள் முழுவதும் ஒரு புண்பட்ட தலையை என்னிடம் நீட்டிக்கொண்டு, வாய் திறவாமல், வெள்ளிக்கிழமை வரை நாள் எண்ணியிருக்கிறாள். நானோ அந்த மௌனத்தை எனக்களித்த நற்சான்றாக எடுத்துக்கொண்டு, தலைப்பிட்டு, அச்சுக்கு அனுப்ப இருந்தேன். நல்ல நீர் கிடைத்தது நன்மைதான். ஆனால் ஏற்கெனவே புண்ணான தோல், நீர் மாறிய மறுநாளே ஆறிவிடுமா? இதை என் மனைவி முதல் நாளே சொன்னாள். அவள் கடிதம் எழுதவில்லை. அதனால் நான் கவனிக்கவில்லை.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். மொட்டை வேண்டாம் என்று அன்று இரவு முழுவதும் வாதாடியவன் நான். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றேன். முறை இப்போதுதான் கைவந்திருக்கிறது என்றேன். குழந்தையே கேட்டுவிட்டாள் என்று மனைவி முடித்துவிட்டாள். மகள் உறங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாவிதர் வந்தார். கிணற்றடியில் மணை போட்டோம். அவர் கத்தியைத் தீட்டினார். உள்ளங்கையில் வைத்துச் சரிபார்த்தார். பிறகு குழந்தையின் முன் குந்தி உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பாப்பா, எரிஞ்சிச்சின்னா கைய தூக்கு. நிறுத்திடறேன். அவசரம் ஒண்ணும் இல்ல.”

அவள் நான்கு முறை கையைத் தூக்கினாள். நான்கு முறையும் அவர் நிறுத்தினார்.

இத்தனை நாளில் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்ன முதல் ஆள் அவர்தான் – அவரும் தலையை மழிக்க வந்தவர்.