கை நடுங்கலாம் என்று போட்டிருக்கிறது

எங்கள் தெருமுனை முடிதிருத்தும் கடைக்காரரை எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவோம். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி ஏறினால் போதும், எழுந்திருக்கும்வரை நிகழ்ச்சி ஓயாது. அவர் வாய்க்குப் பயந்து வேறு கடை தேடிப் போனவர்கள் உண்டு. அவர் கைக்காகத் திரும்பி வந்தவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம்.

அவருக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை. பழைய மாத்திரைக்கு அது அடங்கவில்லை என்று டாக்டரம்மா புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். வேளாவேளைக்குச் சாப்பிட்டால் தொந்தரவு இருக்காது என்று சொல்லித்தான் அனுப்பினார். மனுஷன் அதோடு விட்டிருக்கலாம். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தார், அங்கேதான் வினை. “எழுத்து பொடிசா இருக்கு, நீங்க படிங்க தம்பி” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீட்டினார். சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டால் வியர்க்கலாம், தலை சுற்றலாம், கை நடுங்கலாம் என்று அதில் போட்டிருந்தது.

“வேர்த்தா தொடச்சுக்கலாம். தலை சுத்தினா உக்காந்துக்கலாம். கை நடுங்கினா நான் எங்க போறது?”

நியாயமான கேள்விதான். ஆனால் சவரக்கத்தியை நம் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டா கேட்பது? பேங்க் மேனேஜர் ஒருவர், “மிச்சத்த வீட்ல பாத்துக்கறேன்” என்று பாதி நுரையோடு எழுந்தே போய்விட்டார். சீக்கிரமே தெருவில் தாடிகள் பெருகின. இவரோ, மாத்திரை பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதாகப் புலம்பினார்.

வீட்டில் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, விடுவாரா? தினமும் காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுவார். “கடையில டிபன் சாப்பிட்டதும் போட்டுக்கறேன்” என்று இவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

போன ஞாயிற்றுக்கிழமை, சவரத்துக்கு ஆள் இல்லாவிட்டாலும் முடி வெட்டக் கூட்டம் இருந்தது. எனக்கு வெட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். வலது கிருதா இருந்த இடத்தில் இருந்தது. இடது கிருதாவைக் காணோம். காதோரம் கீறலும் எரிந்தது. மறுநாள் ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுப்பதாக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டுக் கேரியரோடு அப்போதுதான் உள்ளே வந்த அண்ணி என்னைப் பார்த்து, “இது என்னங்க கோலம்?” என்றார்.

“எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை! கை ஆடிடுச்சு. இனிமே எனக்கு அது வேணாம்” என்றார் ரேடியோ, இதற்காகவே காத்திருந்தவர்போல.

எரிச்சலுக்குப் பவுடர் போடலாம் என்று அலமாரி ஓரத்தில் இருந்த டப்பாவை எடுத்தேன்.

“தம்பி, அது இல்ல...”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே பவுடர் இல்லை. வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள்.

அண்ணி டப்பாவை வாங்கிப் பார்த்தார். “ஒண்ணு கூடப் போடலையா?”

“இல்ல.”

“அப்ப கை எதுக்கு ஆடுச்சு?”

ரேடியோ துணியை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார். “கை ஆடல. கண்ணுதான் மங்கலா இருந்துச்சு. வெட்டியாச்சா இல்லையான்னே தெரியல. கொஞ்ச நாளாவே இப்படித்தான்” என்றார்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் வந்தது. காத்திருந்த இரண்டு பேரும் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“கை நடுங்கினா, உடனே கொஞ்சம் சர்க்கரைய வாயில போட்டுட்டு, அப்புறம் சாப்பிட்டா நின்னுடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மாத்திரை போடாம சர்க்கரை ஏறிக் கண்ணு போச்சுன்னா எதப் போட்டு நிறுத்துவீங்க?” என்றார் அண்ணி.

அண்ணி அவரைப் பிடித்து அதே நாற்காலியில் உட்கார வைத்துக் கேரியரைத் திறந்தார். “எங்களுக்கு எப்ப?” என்று காத்திருந்தவர் ஒருவர் கேட்டார்.

“இன்னிக்கு இல்லைங்க. நாளைக்கும் கடை லீவு. டாக்டரம்மாவப் பாத்துட்டு அப்படியே கண்ணையும் காட்டணும்” என்று அண்ணியே சொல்லி அனுப்பிவிட்டார். ரேடியோ தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். மாத்திரையும் உள்ளே போனது.

நான் மட்டும் ஒற்றைக் கிருதாவோடு எங்கே போவது? “வலது பக்கத்தையும் எடுத்துடுங்கண்ணே” என்றேன். அவர் தயங்கினார். நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கத்தியைத் தொடாமல் கத்தரிக்கோலை எடுத்தார். அண்ணி என் காதருகே குனிந்து நின்று, “இன்னும் மேல... கொஞ்சம் இந்தப் பக்கம்... ம், இப்ப வெட்டுங்க” என்று வழி சொன்னார்.