ஆர்டித் என்று ஒருத்தி இல்லை

எதிராளி வாக்கியத்தை முடிக்கும் முன்பே கரண்டியால் மேசையைத் தட்டி, "செல்லாது" என்பான் டெல்மர். வெர்னா இதைப் பல வருடங்களாகப் பார்க்கிறாள். அக்காள் புருஷனாயிற்றே என்று பொறுத்துக்கொண்டாள்.

'வடமீன் கப்பல்' என்ற பழைய தொலைக்காட்சித் தொடருக்கு வழிகாட்டி நூல் எழுதியவன் அவன். எந்தக் கிரகத்தில் என்ன நடந்தது, யார் எங்கே செத்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். டேட்டன் ஊரில் அந்தத் தொடரின் ரசிகர்கள் வியாழன்தோறும் பேன்கேக் கடையில் கூடி, தாங்கள் எழுதிய கதைகளை வாசிப்பார்கள். திரையில் வராத ஒன்றைச் சேர்த்தால் போதும், கரண்டி தட்டும். ஒருமுறை கதை வாசித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் அழுதுகொண்டே எழுந்து போனாள். அவன் சிரப்பை ஊற்றிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தான்.

அந்தத் தொடரை வைத்து அவன் எழுதிய நாவல்களுக்கு மட்டும் விலக்கு. "தொடரை எடுத்த கம்பெனியே அச்சடிச்சது. அது செல்லும்" என்பான். அவன் மனைவி ஆர்டித் புற்றுநோயில் போனபோது, அவளை அதே பெயரில் கப்பலின் டாக்டராக ஒரு நாவலில் எழுதியிருந்தான். "இனிமே அவளுக்குச் சாவே கிடையாது" என்று அடக்கத்தன்று சொன்னான். வெர்னா அவனை மதித்தது அந்த ஒரு நாள்தான்.

போன வருடம் தொடரைப் புதிதாக எடுத்தார்கள். புது வழிகாட்டிக்கும் அவனையே கேட்டார்கள். ஒரே நிபந்தனை: பழைய நாவல்களில் வந்த எதுவும் நடக்கவில்லை என்று அவனே அதில் எழுதவேண்டும்.

வெர்னா கடையிலேயே அவனை மடக்கினாள்.

"அப்போ எங்கக்கா?"

"அது வெறும் கதாபாத்திரம், வெர்னா."

"அடக்கத்தன்னிக்கு அப்படிச் சொல்லலியே."

"நான் எழுதலன்னா டொரான்டோவுல இன்னொருத்தன் காத்திருக்கான், அவன் எழுதிருவான். அட்டையில அவன் பேரு வரும்."

"வரட்டுமே! அவன் எங்கக்காவைக் கட்டிக்கலியே."

பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெல்மர் கரண்டியை எடுத்தான். தட்டவில்லை, கீழே வைத்துவிட்டான்.

எழுதியும் விட்டான். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி: 'டாக்டர் ஆர்டித்: இப்படி ஒருவர் கப்பலில் இருந்ததே இல்லை.' அட்டையில் அவன் பெயர், கப்பலைவிடப் பெரிதாக.

இப்போதும் வியாழன்தோறும் வந்துவிடுகிறான், கையெழுத்துப் போடப் பேனாவோடு. மற்றவர்கள் கூட்டத்தைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டார்கள். அவனிடம் யாரும் சொல்லவில்லை. வெர்னா செவ்வாய்க்குப் போகிறாள். அங்கே வாசிக்கிற கதைகளில் கப்பலின் டாக்டர் ஆர்டித்தான்.