வண்டி ரேடியோவின் இரைச்சல்

எழுபதுகளின் பின்பாதியில் பதினொரு மாத காலம் நானும் என் அண்ணாவும் தினமும் ஒரே காரில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போய் வந்தோம். அந்தப் பதினொரு மாதமும் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு ஒரே கூரையின் கீழ் இரண்டு பாகம். முன்பாகத்தில் அண்ணாவும் மன்னியும். பின்பாகத்தில் நானும் என் மனைவியும் இரண்டு பெண்களும். அண்ணாவுக்கு வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் வேலை. எனக்கு அதே தீவில் ஒரு தேயிலைக் கிடங்கில். அப்பா விட்டுப்போன பழைய கறுப்புக் கார் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. அண்ணாவுக்குக் கண் பார்வை மட்டம் என்பதால் நான்தான் ஓட்டுவேன்.

பேச்சு நின்றது அம்மா போன பிறகு. அம்மாவுக்குக் கடைசி மூன்று வருஷம் நினைவு தப்பிக்கொண்டே வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் இறங்கி நடந்துவிடுவாள். சின்ன வயதில் இருந்த வீட்டைத் தேடி கொச்சங்காடி வரைக்கும் போய், யாராவது கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். குளிப்பாட்டப் போனால் அடிப்பாள். மன்னி பள்ளிக்கூடத்தில் டீச்சர், பகலெல்லாம் இருக்கமாட்டாள். எனவே பாரம் முழுக்க என் மனைவி தலையில். அந்த வருஷம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் வேறு ஆகியிருந்தது. பாலக்காட்டில் இருந்த எங்கள் தங்கை வந்து பார்த்துவிட்டு, மழைக்காலம் முடியும்வரை அம்மாவைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொல்லிக் கூட்டிப் போனாள். ஓணம் கழிந்து திரும்ப அழைத்து வருவதாகத்தான் பேச்சு.

ஓணம் கழிந்தது. என் மனைவி முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் ஓட ஆரம்பித்திருந்தது. நான் தங்கைக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். 'துலாம் மாசம் முடியட்டும். அதுவரைக்கும் அம்மா அங்கேயே இருக்கட்டும்.' அண்ணாவிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. துலாம் மாசத்து, நம் ஐப்பசி, இடிமழை ஒன்றில் அம்மா பாலக்காட்டிலேயே போய்விட்டாள்.

காரியங்களுக்கு அங்கே பதின்மூன்று நாள் இருந்தோம். அம்மாவின் துணிகளை எடுத்துவைக்கும்போது அந்த லெட்டர் அண்ணா கையில் கிடைத்தது. ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தார். பழைய மடிப்பிலேயே மடித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பேசவும் இல்லை.

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலையில் செருப்புச் சத்தம் கேட்கும், கார்க் கதவு திறக்கும், அவர் உட்காருவார். உட்கார்ந்ததும் ரேடியோவைத் திருகிவிடுவார். காலைத் தமிழ்ச் செய்தி எங்கோ தூரத்து நிலையத்திலிருந்து தேய்ந்து வரும். தோப்பும்படியில் பாலம் ஏறுவதற்குள் செய்தி முடிந்து நாகஸ்வரம் ஆரம்பித்துவிடும். பேச வேண்டிய இடத்தையெல்லாம் அந்த ரேடியோ அடைத்துக்கொண்டது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் மன்னி வழியாக வரும். "நாளைக்கு அவர் லீவாம்." "டயர்லே காத்து கம்மியாம்." அவ்வளவுதான்.

அடுத்த மழை முடிந்தபோது ரேடியோ கெட்டது. முதலில் லேசாக ஒரு கரகரப்பு. வாரம் போகப் போக, வண்டி வேகம் எடுத்தால் அதுவும் வேகம் எடுத்தது. பாலத்துக்கு முன்னால் நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேனென்றால் பொரிகடலை வறுப்பதுபோல ஒரு இரைச்சல், அதன் அடியில் ஊளையாக இன்னொன்று. செய்தி வாசிப்பவர் குரல் அதற்குள் எங்கேயோ மூழ்கிக் கிடந்தது. அண்ணா ரேடியோவை நிறுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தார். எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. நிறுத்துங்கோ என்று சொன்னால் அது நான் பேசியதாகிவிடும். அவர் நிறுத்தினால் அந்த மௌனத்துக்கு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. இரண்டு நடுவயசுக்காரர்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்காத ஒரு ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் பாலம் தாண்டினோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பெண்கள் பேசுவதே எனக்குப் பொறுக்காது. ஒருநாள் சின்னவளைக் காரணமில்லாமல் அதட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் இதை எப்படியாவது சரிசெய்தாக வேண்டும் என்று தோன்றியது.

கொச்சங்காடியில் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சேட்டன் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். பெட்டியைக் கழற்றி மேஜையில் வைத்து பாட்டரியில் மாட்டிப் பார்த்தார். கண்ணாடி மாதிரித் தெளிவாகப் பாடியது.

"இது ரேடியோவின்றே கொழப்பம் அல்ல, ஸாரே. வண்டியின்றே கொழப்பம்" என்றார்.

எனக்குப் புரியும்படி தமிழும் மலையாளமுமாகக் கலந்து சொன்னார். எஞ்சினில் தெறிக்கும் பொறியும், டைனமோவின் கரண்டும் எங்கேயோ வழி கண்டுபிடித்து ரேடியோவுக்குள் நுழைகின்றன. ஒவ்வொரு வழியாக அடைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் போதாது. ஒருவர் எஞ்சினோடு நிற்க வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"ஞாயிறாழ்ச்ச காலையில வாங்க. ஒராளைக் கூட்டிட்டு வாங்க. செவி நல்ல ஆளா இருக்கணும்."

வீட்டுக்கு வந்து மன்னியிடம் சொன்னேன். அவள் வாசலில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "கேட்டேளா? ஞாயித்துக்கிழமை வண்டியைச் சரிபண்ண ஒரு ஆள் வேணுமாம்." உள்ளே நாற்காலி நகர்ந்தது மட்டும் கேட்டது. அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"இந்தத் தூது போற வேலை எனக்கு அலுத்துப் போயிடுத்து. இந்த வீட்டிலே எல்லாருக்கும்தான் அம்மா போயிருக்கா. ரெண்டு பேரும் போங்கோ. திரும்பி வந்தப்புறம் எங்கிட்டே யாரும் ஒண்ணும் சொல்லி அனுப்பப்படாது."

ஞாயிற்றுக்கிழமை அண்ணா வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆபீஸுக்குப் போவதுபோல வந்து உட்கார்ந்தார்.

சேட்டன் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். டைனமோவின் வழியை அடைக்க விரற்கடை அளவு கண்டென்சர் ஒன்றை அதில் திருகி மாட்டினார். பிறகு அண்ணாவிடம், செட்டின் பின்னால் ஏரியல் ஒயர் செருகியிருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தார். இரைச்சல் வரும்போது அதை உருவ வேண்டும். உருவினதும் இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியாக வருகிறது என்று அர்த்தம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். கல்யாண வீட்டில் மைக் செட் நின்றுவிட்டதாம், முகூர்த்தம் நெருங்குகிறதாம். சேட்டன் என் கையில் ஒரு ஸ்பானரையும் ஒரு துண்டு உப்புக் காகிதத்தையும் கொடுத்து, "ஒரு மணிக்கூர். நீங்க நோக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிப் போய்விட்டார்.

மூடிய கிடங்குக் கதவுகள். காய்ந்த இஞ்சி வாசனை. நாங்கள் இரண்டு பேர்.

நான் பானெட்டுக்குள் கையை விட்டு எஞ்சினின் வேகத்தைக் கூட்டினேன். உள்ளே ரேடியோ இரைந்தது. என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியவேண்டும், அவர் சொன்னால்தான் தெரியும். காத்திருந்தேன். எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது.

"ஊளை போயிடுத்து" என்றார் அண்ணா. "கரகரப்பு இருக்கு."

பதினொரு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்னது அது.

"இப்போ?" என்றேன்.

"கூடறது."

"ஒயரை உருவிப் பாருங்கோ."

ஒரு நிமிஷம். "நின்னுடுத்து. சுத்தமா நின்னுடுத்து."

ஏரியல்தான். முன்பக்க மட்கார்டின் மேல் துளையிட்டு நிறுத்தியிருந்த கம்பி. அதன் அடி, வண்டியின் தகரத்தோடு நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், எர்த் கிடைக்க வேண்டும் என்று சேட்டன் முன்பே சொல்லியிருந்தார். நான் ஒரு சாக்கை விரித்து, மல்லாந்து, சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் அடியில் தலையை நுழைத்தேன். உப்புக் காற்றும் மழைச்சேறும் சேர்ந்து அந்த இடம் முழுக்கத் துரு. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. நட்டைத் தளர்த்தினேன்.

"மேலே கம்பியைப் பிடிச்சுக்கோங்கோ, விழுந்துடும்" என்றேன்.

இறங்கி வந்து பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய செருப்பும் வேட்டிக் கரையும்தான். உப்புக் காகிதத்தால் தேய்க்க ஆரம்பித்தேன். துரு கண்ணில் விழுந்தது. கை சீக்கிரமே ஓய்ந்துபோயிற்று. நிறுத்தி நிறுத்தித் தேய்த்தேன்.

"எங்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ" என்றார் அண்ணா, மேலேயிருந்து.

கை நின்றுவிட்டது. தகரத்துக்கு இந்தப் பக்கம் இருந்ததனால்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேள்."

"அது எனக்கும் நிச்சயமாத் தெரியல்லே."

நான் துளையின் விளிம்பிலிருந்த துருவை நகத்தால் சுரண்டினேன்.

"பாலக்காட்டுக்கு, தங்கைக்கு எழுதிக் கேட்டேன். அந்த லெட்டரை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினயான்னு. காட்டினாளாம்." செருப்பு ஒரு தரம் இடம் மாறியது. "யாரு எழுதினான்னு அம்மா கேட்டாளாம். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதியிருக்கான்னு இவ சொல்லியிருக்கா."

"நீங்க எழுதல்லேயே. அதை அவளுக்கு எழுதலாமே."

"எழுதத்தான் உட்கார்ந்தேன். ரெண்டு தரம் உட்கார்ந்தேன். அம்மா அங்கே இருந்த அந்த நாலு மாசமும் நான் நிம்மதியாத் தூங்கினேன்டா. காலம்பற எழுந்தா, இன்னிக்கு யாரும் அம்மாவைத் தேடிண்டு போகவேண்டாம்னு தோணும். துலாம் வரைக்கும்னு நீ எழுதினதைப் படிச்சப்போ, நான் எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்னு பட்டது. அது பொறுக்கல்லே எனக்கு. உன் மூஞ்சியைப் பார்த்தா அதுதான் ஞாபகம் வரும்."

நான் மல்லாந்தபடியே கிடந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அசதிதான் வந்தது. அந்தச் சாக்கிலேயே தூங்கிவிடலாம் போலிருந்தது. இந்தப் பதினொரு மாதமும் அவர் என்னைத் தண்டிக்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தகுந்த தண்டனைதான் என்றும் நினைத்தேன். ஒருவிதத்தில் அது எனக்குச் சௌகரியமாகக்கூட இருந்தது.

"நானும் தூங்கினேன் அண்ணா" என்றேன்.

"தெரியும்." கொஞ்சம் கழித்து, "தேய். கை வலிக்கறது எனக்கு" என்றார்.

தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தேன். நட்டை இறுக்கினேன். வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்து, "கண்ணைக் கசக்காதே, தண்ணி விட்டு அலம்பு" என்றார். கடைக்குள்ளிருந்து ஒரு செம்பில் தண்ணீர் அவர்தான் கொண்டுவந்து ஊற்றினார்.

சேட்டன் வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். செட்டின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஸ்குரூ ஒன்றை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். யாரோ ஒருவர் தமிழில் உரம் போடுவதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"சரியாச்சல்லோ?" என்றார் சேட்டன். அண்ணா தலையை ஆட்டினார். சாயாவுக்குச் சொல்லி அனுப்பினார் சேட்டன். மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தோம். கல்யாண வீட்டு மைக்கைப்பற்றி அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லாம் அத்தோடு சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அம்மாவைப்பற்றி அதற்கப்புறம் நாங்கள் பேசியதே இல்லை. லெட்டர் என்ற சொல்லைக்கூட இருவரும் சுற்றிக்கொண்டுதான் போனோம். மன்னி மட்டும் அன்று மத்தியானம் இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார்த்திவைத்துச் சாதம் போட்டாள்.

மறுநாள் காலை பஜார் ரோட்டில் மிளகு மூட்டை இறக்கும் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் முடியாது. எஞ்சினை நிறுத்தினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணா சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீரில்லாமல் விழுங்கினார்.

"என்ன மாத்திரை?"

"ரத்தக் கொதிப்பாம். ஆவணியிலேருந்து சாப்பிடறேன்."

"ஆஸ்பத்திரிக்கு யாரு கூட வந்தா?"

"யாரு வரணும்? போட் ஏறி எர்ணாகுளம் போயிட்டு வந்துடுவேன். டாக்டர் வியாழக்கிழமைதோறும் வரச்சொல்லியிருக்கான்."

வியாழக்கிழமை சாயங்காலங்களில் அவர் என்னோடு வண்டியில் திரும்பி வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று நான் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. மன்னிக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

"இந்த வியாழக்கிழமை நான் வரேன்" என்றேன்.

"வேண்டாம். உனக்கும் வேலை இருக்கு."

லாரிக்காரர்கள் மூட்டையைத் தோளில் ஏற்றி ஒருவர்பின் ஒருவராக நடந்துகொண்டிருந்தார்கள். இன்னும் பாதி லாரி பாக்கி இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வியாழக்கிழமை நாலு மணிக்குக் கிளம்பணும்" என்றார். "லேட் பண்ணிடாதே."