வாலடியில் வைத்த குங்குமம்

நியூசிலாந்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தோம் என்றால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட்காரர்களின் முகம் மலர்ந்துவிடும். "அங்க என்னங்க வேலை, சாஃப்ட்வேரா?" என்பார்கள். "மாடு கறந்தோம்" என்பேன். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிடும். மேல் வீட்டு மாமி மட்டும் விடவில்லை. "இதுக்கா அவ்ளோ தூரம் போனேள்? இங்கேயே கறந்திருக்கலாமே!" என்றார்.

நியாயமான கேள்விதான். என் கணவர் மண்ணச்சநல்லூர்க்காரர். வீட்டில் வயலும் உண்டு, மாடும் உண்டு. கால்நடைப் பராமரிப்பில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தனியார் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுப் பால் பண்ணைகளில் ஆள் எடுக்கிறார்கள், குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இரண்டு வருட ஒப்பந்தம். போய்த்தான் பார்ப்போமே என்று ஆறு வயது மகளையும் இழுத்துக்கொண்டு திருச்சியில் விமானம் ஏறிவிட்டோம். போய் இறங்கிய இடத்தில் சோதனை செய்தவர்கள் என் நார்த்தங்காய் ஊறுகாயைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். குங்குமமும் மஞ்சள்தூளும் தப்பித்துவிட்டன. அவற்றையும் சேர்த்துப் பிடுங்கியிருந்தால் ஒரு தொல்லை குறைந்திருக்கும்.

பண்ணையில் முந்நூறு மாடுகள். முதலாளி அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. பேசினால் வரி கட்ட வேண்டும் என்பது போல அளந்து பேசுவார். கறவை என் கணவருடையது. கன்றுகளைப் பார்த்துக்கொள்வதும் கொட்டகையைக் கழுவிவிடுவதும் என்னுடையது. எங்களுக்குக் கொடுத்திருந்த வீட்டிலிருந்து கறவைக் கொட்டகை கூப்பிடு தூரம்தான். அந்த அம்மா வேலை கொடுத்திருந்ததால்தான் எங்களுக்கு விசா. வேலை போனால் விசாவும் போச்சு, மகளின் பள்ளிக்கூடமும் போச்சு. மண்ணச்சநல்லூரில் போய் என்ன சொல்வது என்பது அதைவிடப் பெரிய கவலை.

அங்கே ஒரு விதி இருந்தது. மருந்து ஊசி போட்ட மாட்டுக்கு வாலடியில் சிவப்பு பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அது மற்ற மாடுகளோடுதான் கறவைக்கு வரும். ஆனால் அதன் பால் பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது. தனியாகப் பிடித்துக் கொட்டிவிட வேண்டும். மருந்து கலந்த பால் தொட்டியில் சேர்ந்தால் தொட்டி முழுவதும் வீண். லாரியில் ஏறிவிட்டால் மற்ற பண்ணைகளின் பாலும் சேர்ந்து வீண். இது எனக்கும் தெரியும், முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்துமா செய்தாய் என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: அது பெயிண்ட், இது குங்குமம். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் போன பிறகு வந்த முதல் மாட்டுப் பொங்கல் அது. அங்கே மதியம் ஒன்றரை மணி, இங்கே விடிகாலை. மாமியார் வீடியோ காலில் வந்தார். பின்னால் அவர்கள் வீட்டு மாடுகள் குளித்துக் கொம்புக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் போல நின்றன.

"உங்க மாட்டுக்கெல்லாம் பொட்டு வச்சாச்சாம்மா?" என்றார்.

"இங்க அதெல்லாம் யாரு அத்தை செய்யறாங்க?"

"யாரு செஞ்சா என்ன, செய்யாட்டி என்ன? நீங்க அதுங்க பால்லதானே சாப்புடுறீங்க? நல்ல நாளும் அதுவுமா வெறும் நெத்தியோட நிக்க விடலாமா? பின்பக்கம் மறந்துடாத. அங்கதான் மகாலட்சுமி இருக்கா."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. மஞ்சளைக் குழைத்துக்கொண்டு, குங்குமப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மகளோடு கிளம்பினேன். முதலாளியம்மா தூரத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். கணவர் முதல் மந்தையைக் கொட்டகை முற்றத்தில் அடைத்துவிட்டு அடுத்த மந்தையை ஓட்டிவரப் போயிருந்தார். நெற்றியைக் காட்டச் சொன்னால் அந்த மாடுகள் தலையை உதறின. பின்பக்கத்தைப் பற்றி அவற்றுக்குக் கவலையே இல்லை. கம்பி ஓரமாக நின்ற இருபது மாடுகளுக்காவது வாலடியில் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருப்போம். மகள் ஒவ்வொன்றுக்கும் "ஹாப்பி பொங்கல்" சொன்னாள். கைநிறையப் புண்ணியம் சேர்த்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் கிண்ட ஆரம்பித்தேன்.

ஐந்தரை மணிக்கு அவர் வந்தார். வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பூட்ஸைக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சிவப்பாக இருந்தது.

"கழுவிட்டேன். போகல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். வரிசையில் நின்ற மாடுகளின் வாலடியில் சிவப்பைப் பார்த்ததும் முதலில் திடுக்கிட்டிருக்கிறார். பிறகு மஞ்சளைப் பார்த்து, என் வேலைதான் என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுக் கறந்திருக்கிறார். சிவப்பு என்றால் குங்குமம் என்று கை பழகிப்போயிற்று. ஒரு மாட்டுக்குத் தண்ணீர் அடித்தும் சிவப்பு போகாமல் கையால் தேய்த்திருக்கிறார். அப்படியே கறவைக் குழாயையும் அதன் மடியில் மாட்டிவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான், மருந்து போட்ட மாடுகளை எழுதிவைக்கும் பலகையைப் பார்த்தார். அன்று மருந்தில் இருந்தவை நான்கு மாடுகள். தனியாகப் பிடித்த பால், அடுத்த மந்தையில் வந்த மூன்று மாட்டுடையது.

"அப்ப நாலாவது?"

"தொட்டியில."

அடுப்பில் பொங்கல் அடிபிடித்த வாசனை வந்தது. நான் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"முந்நூறு மாட்டுப் பால்ல ஒரு மாட்டுப் பால். தெரியவா போகுது? காலையில லாரி வந்து எடுத்துட்டுப் போயிடும். நீ யார்கிட்டயும் சொல்லாத."

அவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்தால் தேடிப்போய் வாங்குகிற ஆள். அதற்காகவே நான் பலமுறை அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அன்று அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மருந்து கலந்த பாலைவிட, இனி ஒவ்வொரு லாரிக்கும் இந்த மனிதர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரோ என்ற பயம்.

"அந்தப் பாலை யாரோ ஒரு குழந்தை குடிக்கும்ங்க" என்றேன்.

"வேலை போயிடும்டி."

"குங்குமம் வச்சது நான்தானே? நானே சொல்லிக்கிறேன்."

அவர் தடுக்கவில்லை. வரவும் இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, குங்குமப் பொட்டலத்தோடு முதலாளியம்மா வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியம் கோத்துக்கொண்டே போனேன். கதவு திறந்ததும் கோத்ததெல்லாம் அறுந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி, மாட்டைக் காட்டி, என் நெற்றியைக் காட்டி, தொட்டியைக் காட்டி, எப்படியோ சொல்லி முடித்தேன். கடைசியில் அழுதும்விட்டேன். எனக்குக் கோபம் வந்தால் ஊரே கேட்கும். அழுகை வந்தால் பேச்சே வராது.

அந்த அம்மா பூட்ஸை மாட்டிக்கொண்டு நேராகப் போய், லாரிக்காரர் எடுத்துவிடாதபடி தொட்டியின் குழாயில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார். பாலைக் கலக்கிவிட்டு ஒரு சின்னப் புட்டியில் பிடித்தார். காரை எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. எங்கள் வீட்டில் திட்டு விழுந்தால் விஷயம் பாதி முடிந்த மாதிரி.

மறுநாள் காலைப் பாலைப் பழைய சின்னத் தொட்டியில் பிடித்தார்கள். கறவை முழுக்க முதலாளியம்மாவும் என் கணவரும் பேசிக்கொள்ளவில்லையாம். அவர் வீட்டுக்கு வந்து இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தார், சாப்பிடவில்லை. பாஸ்போர்ட்டுகள் இருந்த பையை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். மாரியம்மா, இந்த ஒரு தடவை காப்பாத்து, சமயபுரத்துக்கு நடந்தே வரேன் என்று வேண்டிக்கொண்டேன். மகள் எதுவும் தெரியாமல் நேற்றைய பொங்கல் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

பத்து மணிக்கு முதலாளியம்மாவின் கார் வாசலில் நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார். நாங்கள் இருவரும் கைகட்டி நின்றோம்.

"பால் சுத்தமாக இருக்கிறது. அவ்வளவு பாலில் அந்த மருந்து சோதனையில் தெரியவே இல்லை" என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "மதியக் கறவைக்கு வழக்கமான நேரத்துக்கு வா" என்றார். என்னைப் பார்த்து, "இனிமேல் நெற்றியில் மட்டும்" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். கார் போய்விட்டது.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் உள்ளே போய் அந்தப் பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆறிப்போன இட்லி எட்டையும் ஒரே மூச்சில் சாப்பிட்டார்.

பதினொரு மணிக்கு லாரி வந்தது. நான் கொட்டகையைக் கழுவப் போனபோது அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அங்கே நிற்க வேண்டிய வேலை அவருக்கு இல்லை. லாரியின் குழாய் பாலை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"நீ போகலைன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் அவர், லாரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பால் நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா அது எனக்குத் தெரிஞ்சிருக்காது."

தொட்டி காலியாகும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.