அருவிக்கரையில் பெண் பார்த்தார்கள்

ரப்பர் எஸ்டேட் லயத்தில் பெண் பார்க்க வந்தால் அது வரிசையாய் ஒட்டிக்கிடக்கும் இருபது வீட்டுக்கும் சேர்த்து நடக்கிற காரியம். வந்த கார் என்ன நிறம், மாப்பிள்ளை எத்தனை பலகாரம் எடுத்தார், திரும்பும்போது யார் முகம் எப்படி இருந்தது, எல்லாம் மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் முன்பே பேசி முடிந்திருக்கும். என்னை அப்படி இரண்டு முறை பார்த்துவிட்டு, இரண்டு முறையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பால் வாளியோடு ரப்பர் மர நிரைக்குப் போகையில் எல்லாக் கண்ணும் என் முதுகைத் தடவிக்கொடுக்கும். இரக்கம்தான். அது வாளியைவிடக் கனம்.

மூன்றாவது இடம் வந்தபோது அப்பா சொன்னார்: "வீட்டுக்கு வேணாம். அருவிக்கு வரச் சொல்லிட்டேன். வேணாம்னு போனாலும் நம்மளோட போயிரும்."

பாலிங் டவுனைத் தாண்டி ஒரு சின்ன அருவி. அரசாங்கம் அப்போதுதான் அதைச் சுற்றி வேலி போட்டு, பலகை மாட்டி, சிமெண்டு மேசைகள் கட்டிப் பூங்காவாக்கியிருந்தது. ஹரி ராயாப் பெருநாளுக்கு மறுநாள், பாலுக்கு மரம் வெட்டுகிற வேலை இல்லை. அத்தை வீட்டுக்கு என்று லயத்தில் சொல்லிவிட்டு டாக்சியில் கிளம்பினோம்.

சின்ன அருவிதான், ஆனால் அது அதற்குத் தெரியாது. விழுந்து, சிதறி, பாறையைச் சுற்றி, எங்கேயும் நிற்கத் தெரியாத தண்ணீர். நானும் அப்படித்தான், உட்காரவைத்தால் கால் ஆடும். அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்துப் பிடித்திருந்தார். எதிரே பண்டார் பாருவிலிருந்து வந்த ஆபீஸ் கிராணி மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. இரைச்சலில் எல்லாவற்றையும் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"பொண்ணு சமைக்குமா?" என்று அந்த அம்மா கத்தினார்.

"நல்லா சமைக்கும்," என்று எங்கள் அம்மா கத்தினார். தூரத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் எங்கள் எஸ்டேட் லோரி வந்து நின்றது.

பின்பலகை விழுந்தது. பானை, பாய், பிள்ளைகள், பாதி லயம் இறங்கியது. அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. எல்லோருக்கும் முன்னால் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அவர் வாய்க்கு வேலை வாங்குகிற மண்டோரே பயப்படுவார். என் பட்டுச்சேலையையும் பூவையும் எதிரே இருந்தவர்களையும் ஒரே பார்வையில் பார்த்தார். நேராக எங்கள் மேசைக்கு வந்தார். அம்மா என் காலை இன்னும் அழுத்தினார்.

"ஏங்கம்மா, புள்ளைக்கு அவசரம், இங்க தண்டாஸ் எந்தப் பக்கம்? நாங்க எடத்துக்குப் புதுசு."

பதினைந்து வருடமாக அவரோடு ஒரே சுவரைப் பங்குபோட்ட அம்மா சொன்னார்: "தெரியலைங்களே. நாங்களும் இப்பத்தான் வர்றோம்."

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "நீங்கல்லாம் எந்த எஸ்டேட்டு?"

"அது ரொம்பத் தூரம் லா," என்று எங்கேயோ கையைக் காட்டிவிட்டு அக்கா போனார்.

அவர் போய் என்ன சொன்னாரோ. அதற்குப் பிறகு அத்தனை பேரில் ஒருவர்கூட எங்களைப் பார்க்கவில்லை. ஒரு வாண்டு மட்டும் என் பெயரைச் சொல்லிக் கூவியது. அதன் தாய் சட்டென்று அதைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். குளித்தார்கள், சாப்பிட்டார்கள், முழு நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டு. எனக்கு யாரும் அதற்குமுன் இவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். நாங்கள் ஜாதகமே கொடுக்கவில்லை.

எஸ்டேட் ஆபீஸ் வழியாக வந்த கடிதம், அன்று இரவு முழுக்க அழுத வீடு. மெல்லிய சுவர். எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மறுநாள் பெரட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள்.

நிரையில் ஏழெட்டு மரம் வெட்டியிருப்பேன். அடுத்த நிரையிலிருந்து அக்கா வந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார்.

"கண்ணு வீங்கிக் கெடக்கு. இப்படி வெட்டுனா மரத்துக்குக் காயம் பட்டுரும். தள்ளு."

ஒரு மரம் முடித்து அடுத்ததற்குப் போனார், அதற்கடுத்ததற்கு. நான் பின்னாலேயே போய், மரத்தில் கட்டிய பால் மங்குகளைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.